தாப்பாவுக்குப் பின்வழி

என் தாத்தா வேலையில் இருந்த காலம் முழுவதும் ஒரே ஒரு சாலையில்தான் லோரி ஓட்டினார். மலைமேல் இருக்கும் எங்கள் தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து ரிங்லெட் டவுன் வழியாக அடிவாரத்துத் தாப்பா. தாப்பாவிலிருந்து திரும்பவும் மேலே. அந்தச் சாலையின் ஒவ்வொரு வளைவும் அவருக்கு மனப்பாடம் என்று எஸ்டேட்டில் பெருமையாகச் சொல்வார்கள். அதைக் கேட்டால் தாத்தா முகத்தைச் சுளிப்பார். ஓய்வு பெற்ற கையோடு, ஒரு காய்கறித் தோட்டக்காரர் கழித்துவிட்ட பழைய ஜீப் ஒன்றை வாங்கினார். முன்னால் மூன்று பேர் நெருக்கி உட்காரலாம். பின்னால் சாமான் ஏற்ற ஒரு தட்டு, அதற்குக் கூரை கிடையாது. ஜீப் வந்த அன்றே, இனி தாப்பா சாலைப் பக்கம் போவதில்லை என்றும், மலையில் மிச்சமிருக்கும் மற்ற எல்லாச் சாலைகளையும் ஒரு கை பார்க்கப்போவதாகவும் அறிவித்தார்.

அப்பா அப்போது சிங்கப்பூரில் வேலை செய்தார். அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வேலை அதிகம். தேயிலைத் தோட்டம் பார்க்க வரும் சுற்றுலாக்காரர்களுக்குத் தொழிற்சாலைக் கடையில் தேநீரும் கேக்கும் எடுத்துக் கொடுப்பார். ஆகவே தொடக்கப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த நான், வேறு வழியில்லாமல் தாத்தாவின் பயணத்துணை ஆனேன். தாத்தாவுக்கும் வேறு துணை கிடைத்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

அவர் நிறையக் கண்டுபிடித்தார். ஒரு நீர்வீழ்ச்சியைக் கண்டுபிடித்தார். அதன் அடியில் பூர்வகுடிப் பெண்கள் இருவர் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். பழைய துரை ஒருவர் விட்டுப்போன பங்களாவைக் கண்டுபிடித்தார்; குளியல்தொட்டி நிறையப் பெரணிச்செடி முளைத்திருந்தது. ஒரு தடவை, காலையிலிருந்து வளைந்து வளைந்து போன மண்சாலை ஒன்று எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் வந்து முடிந்தது. தாத்தா அதையும் கண்டுபிடிப்பாகவே எடுத்துக்கொண்டார்.

அவருடைய கண்டுபிடிப்புகளில் அவருக்கு மிகவும் பிடித்தது, லெம்பா பெர்த்தாம் காய்கறித் தோட்டங்களுக்கு மேலே தொடங்கும் ஒரு சாலை. அது தேயிலைக்குள் நுழைந்து, ரிங்லெட் டவுனைத் தொடாமல் சுற்றிக்கொண்டு, கீழே தாப்பா சாலையில் போய் ஏறியது. பாதி இடத்தில் அதைச் சாலை என்று சொல்ல மனம் வராது. அம்மாவிடம் அதைப் பற்றி விளக்கியபோது, அவர் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே, "அந்தச் சேத்துல வுழுந்து பொரண்டு எவன் தாப்பா போவான்?" என்று கேட்டார். 

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சாலையின் தொடக்கத்தில் நாங்கள் ஜீப்பை நிறுத்தியிருந்தோம். எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. பக்கத்தில், கைவிடப்பட்ட செடிக்கொட்டகை ஒன்று நின்றது. பிளாஸ்டிக் கூரை கிழிந்து காற்றில் படபடத்தது. தாத்தா மூடியைத் திறந்தபடி வண்டியைத் தமிழில் திட்டிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டுத்தான் அந்த ஆள் வெளியே வந்திருக்க வேண்டும்.

"ஐயா... நீங்க தமிழா?"

இளைஞன். எங்கள் பள்ளியின் விளையாட்டு வாத்தியார் வயதுதான் இருக்கும். சட்டையெல்லாம் சேறு. காலில் செருப்பு இல்லை. ஒரு குதிகால் வெடித்து இரத்தம் காய்ந்திருந்தது. கணுக்காலைச் சுற்றி அட்டை கடித்த தடங்கள். அவன் பேசியது தமிழ்தான், ஆனால் எங்கள் தமிழ் இல்லை. சினிமாவில் பேசுகிற மாதிரி இருந்தது.

"பின்ன என்னா? இங்க என்னா பண்ற தம்பி?" என்றார் தாத்தா.

அவன் முதலில் தண்ணீர்தான் கேட்டான். எஞ்சினுக்கு வைத்திருந்த தண்ணீரையே தாத்தா கொடுத்தார். அவன் மடமடவென்று குடித்தான். பிறகு குனிந்து உட்கார்ந்து, ஒரே மூச்சில் சொல்லி முடித்தான்.

"சூப்பர் மார்க்கெட்டுல வேலைன்னு சொல்லிக் கூட்டியாந்தாங்கய்யா. கொண்டாந்து முட்டைக்கோசு தோட்டத்துல வுட்டுட்டாங்க. பாஸ்போர்ட்டு ஏஜெண்டுகிட்ட இருக்கு. அம்மாவுக்கு முடியலைன்னு போன் வந்துச்சு. ஊருக்குப் போறேன்னு சொன்னதுக்கு அடிச்சுக் கொட்டாயில போட்டுப் பூட்டுனாங்க. தகரத்தப் பேத்துக்கிட்டு ஓடியாந்துட்டேன். தேடுறாங்கய்யா."

 தாத்தா மிச்சத் தண்ணீரை எஞ்சினில் ஊற்றி, மூடியை இறக்கி, மறுபடியும் இரண்டு கையாலும் அழுத்தினார். அவர் எதையாவது யோசிக்கும்போது ஏற்கெனவே மூடியிருப்பதை மறுபடி மூடுவார்.

"ரிங்லெட்டுல போலீஸு ரோட் பிளாக் போட்ருக்கான்," என்றார். "பெர்மிட்டு கேப்பான். இல்லைன்னா லோரியில ஏத்திருவான். திரும்ப அவனுங்க கையிலயே கொடுத்தாலும் கொடுத்துருவான். சொல்ல முடியாது."

"அப்ப நான் இப்பிடியே காட்டு வழியா நடந்து..."

"எங்க நடப்ப? இது என்னா, ஒங்க ஊரு வயக்காடா?"

ஜீப்பின் பின்தட்டில் அம்மாவுக்காக வாங்கிய முட்டைக்கோஸ் கூடை ஒன்றும், காலி தேயிலைச் சாக்குகளும், ஒரு பழைய படுதாவும் கிடந்தன. தாத்தா சாக்குகளை விரித்தார். "படு. நான் சொல்ற வரைக்கும் எந்திரிக்காத. வாந்தி வந்தாலும் எந்திரிக்காத." அவன் படுத்ததும் படுதாவை இழுத்து மூடி, மேலே கோஸ்களை உருட்டிவிட்டார். என்னிடம், "அண்ணனுக்கு ஒடம்பு சரியில்ல பாப்பா. தூங்கட்டும். நாம தாப்பா போயி ஐஸு போட்ட செண்டோல் சாப்புடலாம்" என்றார்.

"தாப்பா போவ மாட்டேன்னு சொன்னீங்களே தாத்தா."

"முன்பக்கமாத்தான் போவ மாட்டேன்னேன். இது பின்பக்கம்லா."

எனக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. செண்டோல் என்ற சொல்லுக்குப் பிறகு எந்தப் பதிலும் போதுமானதாகத்தான் இருந்திருக்கும்.

முந்தைய நாள் மழையில் சாலை கூழாகிக் கிடந்தது. தாத்தா வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினார். பள்ளம் வரும்போதெல்லாம் பின்னால் திரும்பிப் பார்த்தார். நான் அந்த அண்ணன் தூங்க முடியாதே என்று கவலைப்பட்டேன். தேயிலைக்குள் நுழைந்து கொஞ்ச தூரம் போயிருப்போம். எதிரே ஒரு ஃபோர்வீல் வண்டி வந்து மூக்கோடு மூக்காக நின்றது. இரண்டு வண்டி ஒதுங்கிப் போக அங்கே இடம் கிடையாது. ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் சரிவு.

அதை ஓட்டி வந்தவன் எஞ்சினை நிறுத்தாமல் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இருந்தவர் இறங்கி வந்தார். நீளமான ரப்பர் காலணி, இடுப்பில் சாவிக்கொத்து. காய்கறித் தோட்டத்து மண்டோர், வேலையாட்களைக் கண்காணிக்கிறவர். நம்மவர். தாத்தாவை அவருக்கு முகப்பழக்கம் இருந்திருக்கலாம்.

"என்னா பெரியவரே, இந்தப் பக்கம்?"

"சும்மா. பேத்தியோட ரவுண்டு."

"ஒரு ஆளப் பாத்தீங்களா? ஊருலேருந்து வந்த பையன். ராத்திரி ஓடிட்டான். முதலாளி காலையிலேருந்து உயிர எடுக்கறாரு."

"பாக்கலையே," என்றார் தாத்தா. பிறகு, கேட்காமலே, "காட்டுக்குள்ள போயிருந்தான்னா இந்நேரம் புலி அடிச்சிருக்கும்" என்றும் சேர்த்துக்கொண்டார். தாத்தாவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. பழக்கமில்லாதவர்கள் தேவைக்கு மேல் சொல்லிவிடுவார்கள்.

மண்டோர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாப்பா எங்க போறீங்க?"

"செண்டோல் சாப்புட."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு, ஜீப்பின் பக்கவாட்டைக் கையால் தடவியபடியே பின்னால் நடந்தார். நான் இருக்கையில் முட்டிபோட்டு, பின்கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். குலுக்கலில் படுதா விலகி, ஒரு கால் வெளியே தெரிந்தது. வெடித்த குதிகாலும் சேறும். மண்டோர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கை தட்டின் விளிம்பில் இருந்தது. படுதாவை இழுக்கப்போகிறார், காயத்தில் உராய்ந்துவிடும் என்று எனக்குப் பட்டது. கண்ணாடியை நகர்த்தி, உதவும் எண்ணத்தில், "பாத்து மாமா, கால்ல காயம்" என்றேன்.

தாத்தா திரும்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர் வண்டியின் எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

மண்டோர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தெரியுது பாப்பா," என்றார் மெதுவாக.

ஃபோர்வீலில் இருந்தவன் ஹாரன் அடித்து, மலாயில் ஏதோ கேட்டான். மண்டோர் தலையைத் திருப்பாமலே, "தாக் அடா! கோபிஸ் சாஜா!" என்று கத்தினார். ஒன்றுமில்லை, வெறும் கோஸ். பிறகு படுதாவின் நுனியை எடுத்து அந்தக் காலின் மேல் இழுத்துவிட்டு, தட்டின் மூலையில் தொங்கிய கயிற்றால் இறுக்கிக் கட்டினார். முடிச்சுப் போட்டுவிட்டுத் தாத்தாவின் ஜன்னலுக்கு வந்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. கோபம் போலக்கூட இருந்தது.

"கயிறு கட்டாம வரலாமா பெரியவரே? சின்னப் புள்ளைய வேற வச்சிக்கிட்டு."

தாத்தா தலையை மட்டும் ஆட்டினார். 

"அடுத்த வளைவுல ரோடு எறங்கியிருக்கு. மேட்டுப் பக்கமா ஒட்டிப் போங்க," என்று சொல்லிவிட்டு மண்டோர் தன் வண்டிக்குத் திரும்பினார். அந்த வண்டியே ரிவர்ஸில் போய், அகலமான இடத்தில் ஒதுங்கி, எங்களுக்கு வழிவிட்டது. தாத்தா கியர் போட்டார். கரகரவென்று பல்சக்கரம் அலறியது. வாழ்நாள் முழுக்க லோரி ஓட்டியவர் கியரைத் தவறவிட்டு அன்றுதான் பார்த்தேன். நான் சிரித்தேன். அவர் திட்டவில்லை.

"அந்த மாமா நல்லவரு, இல்ல தாத்தா? கயிறெல்லாம் கட்டிக் கொடுத்தாரு."

"ம்," என்றார்.

மண்டோர் சொன்ன இடத்தில் பாதிச் சாலை சரிந்து கிடந்தது. மேட்டை உரசிக்கொண்டு கடந்தோம். ரிங்லெட்டின் கூரைகள் மேலே எங்கோ பனிக்குள் இருந்தன. தாப்பா சாலையில் ஏறி, ஒரு வளைவு தாண்டியதும் தாத்தா ஓரமாக நிறுத்தி அந்த அண்ணனை எழுப்பினார். அவன் தூங்கவே இல்லை. முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. தாத்தா தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி அவனுக்குப் போட்டுவிட்டு முன்னால் உட்காரச் சொன்னார். நான் நடுவில். இருவருடைய பேச்சும் என் தலைக்கு மேலே போய் வந்தது.

 கொஞ்ச தூரம் போனதும் அவன், "அந்த மண்டோரு... என்னைய மொதல்ல அடிச்சதே அவருதாங்கய்யா" என்றான்.

தாத்தா ஒரு வளைவில் வண்டியைத் திருப்பினார். அடுத்ததிலும் திருப்பினார். பிறகு வேறு பேச்சுக்குப் போனார்.

"எந்தப் பக்கம் தம்பி நீ?"

"துறையூர் பக்கங்கய்யா. திருச்சி ஜில்லா."

தாத்தா சாலையிலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தார். அந்தச் சாலையில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. "எங்கப்பாவும் துறையூரு பக்கந்தான்," என்றார். "பச்சமலை அடிவாரம்னு சொல்வாரு." ஓர் ஊரின் பெயரைச் சொன்னார். வீட்டில் கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம் 'நம்ம ஊரு' என்று அவர் சொல்வது அதைத்தான் என்று அன்று எனக்குத் தெரியாது. தொழிற்சாலை இருக்கும் இடம்தான் நம்ம ஊர் என்று நினைத்திருந்தேன்.

"அந்த ஊரா? எங்கக்காவ அதுக்குப் பக்கத்துலதாங்கய்யா குடுத்திருக்கு. நான் போயிருக்கேன்."

"போயிருக்கியா?"

"சைக்கிள்லயே போவேங்கய்யா."

"திருச்சியிலேருந்து எப்பிடிப் போறது அதுக்கு?"

அவன் சொல்லத் தொடங்கினான். சத்திரம் பஸ் நிலையத்தில் ஏற வேண்டும். மண்ணச்சநல்லூர் தாண்டிப் போகும். துறையூரில் இறங்கி டவுன் பஸ் பிடிக்க வேண்டும். ஏரிக்கரை வரைக்கும் தார்ச்சாலை. அங்கே ஒரு அய்யனார் கோயில், பெரிய குதிரை சிலையோடு. குதிரைக்கு இடது கைப் பக்கம் மண் சாலை. ஒவ்வொரு திருப்பத்தையும் தாத்தா வாய்க்குள் திருப்பிச் சொன்னார். சத்திரம். மண்ணச்சநல்லூர். ஏரிக்கரை. குதிரை. இடது.

"மண் ரோட்டுல லோரி போவுமா?"

"கரும்பு லாரி போவுங்கய்யா."

"மழை பேஞ்சா?"

"மழை எங்கங்கய்யா பெய்யுது," என்றான் அவன்.

 எங்கள் மலையில் மழை பெய்யாத நாளைத் தாத்தா அதிகம் பார்த்ததில்லை. "பச்சமலைன்னா பச்சையாத்தான் இருக்குமா?" என்று கேட்டார்.

"மேல பச்சைங்கய்யா. எங்க பக்கம் கொஞ்சம் காஞ்சிதான் கிடக்கும்."

எனக்கு அலுப்பாக இருந்தது. அது மலைக்கு அந்தப் புறம், லிப்பிஸ் பக்கம் எங்கேயோ இருக்கும் ஒரு சாலை என்று எண்ணிக்கொண்டேன். தாத்தா இவ்வளவு ஆர்வமாக விசாரித்தால் அடுத்த பயணம் அங்கேதான். "குதிரையப் பாக்க அடுத்த வாரம் போலாமா தாத்தா?" என்று கேட்டேன். அந்த அண்ணன் சட்டென்று சிரித்துவிட்டான். அன்று அவன் சிரித்தது அப்போது ஒரு தடவைதான். தாத்தா சிரிக்கவில்லை. "பாப்போம்" என்றார்.

தாப்பாவில் வெயில் அடித்தது. தாத்தா முதலில் கோலாலம்பூரில் இருக்கும் என் சித்தப்பாவுக்குப் போன் செய்தார். சித்தப்பா நிறைய நேரம் கத்தினார். போனை ஒட்டி நின்ற எனக்கே கேட்டது. தாத்தா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, பஸ்ஸு எத்தன மணிக்கு வந்து சேரும்னு பாத்துச் சொல்றேன், டேசன்ல போயி நில்லு" என்று வைத்துவிட்டார். அவனுக்குச் செருப்பு வாங்கினார். சோறு வாங்கிக் கொடுத்தார். தூதரகத்தில் என்ன சொல்ல வேண்டும், யாரிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதில் எவ்வளவு அவருக்கே தெரிந்தது என்பது சந்தேகம். தூதரகத்தை அவரும் பார்த்ததில்லை.

பஸ் வந்தது. அவன் தாத்தாவின் காலைத் தொடக் குனிந்தான். தாத்தா வெடுக்கென்று பின்வாங்கி, "ஏறு ஏறு" என்று முதுகில் கை வைத்துத் தள்ளினார். அவன் படியில் ஏறிவிட்டான். அப்போது தாத்தா, "தம்பி" என்று கூப்பிட்டார்.

அவன் திரும்பினான்.

"ஊருக்குப் போனதும்..." என்றார் தாத்தா.

அவன் காத்திருந்தான். டிரைவரும் காத்திருந்தார். தாத்தா அப்படியே நின்றார். பின்னால் இன்னொரு பஸ் ஹாரன் அடித்தது.

"ஒண்ணுமில்ல. பாத்துப் போ."

கதவு மூடிக்கொண்டது.

சித்தப்பா நிலையத்தில் போய் நின்றார். திட்டிக்கொண்டேதான் தூதரகத்துக்கும் கூட்டிப் போனார். அலைச்சல் மாதக்கணக்கில் இழுத்தது. அதுவரை அவன் சித்தப்பா வீட்டுக் கூடத்தில் படுத்திருந்தான். கடைசியில் ஊர் போய்ச் சேர்ந்தான், அம்மாவைப் பார்த்தும்விட்டான் என்று போன் வந்தது. மண்டோரைப் பிற்பாடு ஒரு தடவை தானா ராத்தா டவுனில், பாய் கடையில் பார்த்தோம். பக்கத்து மேசையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். அவரும் தாத்தாவும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. எங்களை மறந்துவிட்டார் போல என்று எனக்கு வருத்தமாக இருந்தது. தாத்தா அந்த ஊருக்குப் போகவில்லை, பாஸ்போர்ட்கூட எடுக்கவில்லை. நான் இடைநிலைப்பள்ளியில் படித்தபோது, எஸ்டேட் மருத்துவமனையிலேயே இறந்துபோனார். சென்ற ஆண்டு வேலை விஷயமாகச் சென்னைக்குப் போனேன். திருச்சிக்குப் போக நேரமிருந்தது. போகவில்லை. ஏன் என்று இன்னும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

அன்று செண்டோல் சாப்பிட்டுவிட்டு, நேர்ச் சாலையிலேயே மேலே திரும்பினோம். இருட்டிய பிறகு ரிங்லெட்டில் போலீஸ்காரர் டார்ச்சால் தட்டைத் துழாவினார். சாக்குகள், கோஸ், படுதா. போகச் சொன்னார். தாத்தா நன்றி சொல்லிவிட்டு ஓட்டினார். கியர் இப்போது சத்தமில்லாமல் விழுந்தது. 

"அந்த அண்ணன்கிட்ட என்னா சொல்ல வந்தீங்க தாத்தா?"

"எப்ப?"

"ஊருக்குப் போனதும்னு சொன்னீங்களே. யாருகிட்டயாவது ஏதாச்சும் சொல்லச் சொல்லணுமா?"

அவர் வைப்பரைப் போட்டார். மழை தொடங்கியிருக்கவில்லை. கண்ணாடி வறட்டுச் சத்தம் போட்டது.

நான் யோசித்துப் பார்த்தேன். அந்த ஊரிலிருந்து எங்கள் வீட்டுக்கு யாரும் வந்ததில்லை. தீபாவளிக்கு யாரும் கூப்பிட்டதில்லை. சுவரில் அந்த ஊர்க்காரர் படம் ஒன்றுகூட இல்லை. கணக்கு சுலபமாகத்தான் இருந்தது.

"அங்க நமக்கு யாரு தாத்தா இருக்கா?" என்றேன்.

"அதான் பாப்பா," என்றார் தாத்தா. "யாரு இருக்கா."

கேட்ட கேள்விக்கு நானே சரியான விடை சொல்லிவிட்ட திருப்தியோடு, அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டேன்.